அறுவடை இயந்திரத்தின் ஆதிகர்த்தாக்கள்

அறுவடை இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று வினவினால், பலரும் அமெரிக்கரான சைரஸ் மக்கார்மிக்கின் பெயரையே சொல்வார்கள். 1831ஆம் ஆண்டில் வர்ஜீனியாவில் தம் இயந்திரத்தை ஓட்டிக் காட்டி, 1834இல் காப்புரிமை பெற்று, பின்னர் சிகாகோவில் தொழிற்சாலை நிறுவி விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டிய அவருடைய சாமர்த்தியத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் வியாபார வெற்றியையே கண்டுபிடிப்புக்குப் பிரமாணமாகக் கொள்வது நியாயமன்று. காப்புரிமைதான் அளவுகோல் என்றாலும், ஓபெட் ஹஸ்ஸி என்பவர் 1833லேயே அதைப் பெற்றுவிட்டார்.

அவர்கள் இருவருக்கும் முன்பே, ஸ்காட்லாந்தில் ஒரு குடியானவரின் புதல்வரும் சமயக் கல்வி பயின்ற மாணவருமான பாட்ரிக் பெல், தோட்டத்துப் பெரிய கத்தரிக்கோலைக் கண்டு, அத்தகைய கத்தரிகளை வரிசையாகப் பொருத்திப் பயிரை அறுத்தால் என்ன என்று சிந்தித்தார். பிறர் கண்ணில் படாமல், கொட்டகைக்குள் மண்ணைக் கொணர்ந்து பரப்பி, ஓட்ஸ் தாள்களை ஒவ்வொன்றாகக் கையால் நட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, இயந்திரத்தை அவற்றின்மீது தள்ளிப் பார்த்தார். தாள்கள் அறுந்தன, ஆனால் தாறுமாறாக விழுந்தன. அவற்றை ஏந்தி ஒருபுறமாகச் சேர்ப்பதற்கு உருளைகளில் ஓடும் கித்தானை அமைத்த பிறகு, 1828இல் ஓர் இரவு, ஊர் அடங்கிய வேளையில், சகோதரர் ஜார்ஜுடன் குதிரையைப் பூட்டிக்கொண்டு வயலுக்குச் சென்றார். நிற்கும் பயிர் மிதிபடாதிருக்க, குதிரை இயந்திரத்தைப் பின்னாலிருந்து தள்ளும்படி செய்திருந்த உபாயம் எத்தனை நுட்பமானது!

எல்லா விவசாயிகளும் பயன்பெறட்டும் என்று கருதிய பெல், காப்புரிமையை நாடவேயில்லை. ஹைலண்டு வேளாண் சங்கம் அளித்த 50 பவுனைப் பெற்றுக்கொண்டு, பிற்காலத்தில் கார்மைலி என்னும் சிற்றூரில் பாதிரியாராக வாழ்ந்தார்.

மக்கார்மிக்கின் பட்டறையிலும், அந்த இயந்திரம் உருவாக உடனுழைத்த ஜோ ஆண்டர்சன் என்னும் கறுப்பின மனிதர் ஒருவர் இருந்தார். அவர் அக்குடும்பத்தின் அடிமை. பெல் தம் உரிமையைத் தாமே துறந்தார். ஆண்டர்சனுக்கோ, துறப்பதற்குக்கூட ஓர் உரிமை இருக்கவில்லை. இதை எண்ணும்போது மனம் பதைக்கிறது.

நம் பிள்ளைகளுக்குப் பாடநூல் எழுதும் அறிஞர்களை வேண்டிக்கொள்கிறேன்: மக்கார்மிக்கின் பெயரை எழுதும் பக்கத்தில் ஹஸ்ஸியின் பெயரையும், பெல்லின் பெயரையும், ஆண்டர்சனின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.