லட்ச ரூபாய் டிஏசிக்கு எந்த ஸ்ட்ரீமர்?

சில லட்சம் ரூபாய்க்கு டிஏசி வாங்குகிறவரைக் கடை அத்தோடு விட்டுவிடுவதில்லை. எண்களாக வரும் இசையை அனலாக் சிக்னலாக மாற்றுவது அந்தப் பெட்டி. இணையத்திலிருந்து எண்களை எடுத்துக் கொடுப்பது ஸ்ட்ரீமர். இரண்டும் ஒரே விலைத் தரத்தில் இருந்தால்தான் இசை முழுதாக வெளிப்படும் என்பார்கள். இந்தப் பேச்சைச் சோதித்துப் பார்க்க அந்தமான் தோதான இடம். 2020 ஆகஸ்டில் கடலடிக் கேபிள் திறக்கப்படும்வரை அந்தத் தீவுகள் இணையத்துக்குச் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. சுமார் 2,300 கி.மீ. நீளமுள்ள அந்தக் கேபிள் சென்னையைப் போர்ட் பிளேரோடும் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) கார் நிக்கோபார், கமோர்ட்டா உள்ளிட்ட மற்ற இடங்களோடும் இணைக்கிறது. குறுந்தகட்டுத் தரத்துக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் போதும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்றாலும் 9.2 மெகாபிட்தான். வழியில் ஒரு தரவுப் பொட்டலம் தவறினால் அது மறுபடி கேட்டு வாங்கப்படுகிறது. வங்கக் கடலுக்கு அடியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்தும் மாறாத எண்கள், வரவேற்பறையின் கடைசி ஒரு மீட்டர் ஒயரில் இனிமையை இழக்கின்றன என்பதை எப்படி நம்புவது?

எண்கள் சரி, அவை வந்து சேரும் நேரம் பிசகாதா என்பது நியாயமான மறுப்பு. கோஆக்சியல், ஆப்டிகல் வழிகளில் நேரக்கணக்கு ஸ்ட்ரீமரிடமிருந்தே வருவதால் பழைய டிஏசிகளில் அது பிசகியதுண்டு. இன்றைய அசின்க்ரனஸ் யுஎஸ்பியில் கடிகாரம் டிஏசிக்குள் இருக்கிறது. தனக்கு வேண்டியதை வேண்டியபோது அதுவே கேட்டு வாங்குகிறது. யுஎஸ்பி ஒயர் வழியே மின் இரைச்சல் நுழையும் என்ற மறுப்பு இன்னும் வலுவானது, அது உண்மையும்கூட. ஆனால் அத்தனை விலை வாங்கிய டிஏசி பக்கத்துப் பெட்டியின் இரைச்சலைத் தடுக்கவில்லை என்றால் குறை டிஏசியில்தான். அதற்கு இன்னொரு பெட்டி விற்பது விசித்திரமான பரிகாரம். காதுக்கு வித்தியாசம் தெரிகிறதே என்பவர்கள், ஒலியளவைச் சமமாக்கி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டுப் பார்க்கட்டும். துளி சத்தம் கூடினாலே நம் காது அதைத் தரம் என்று எண்ணிவிடும்.

ஸ்ட்ரீமர்களுக்குள் வித்தியாசமே இல்லை என்று சொல்லவில்லை. அது மென்பொருளில் இருக்கிறது, அங்கே சமரசம் கூடாது. ஆலாபனைக்கும் கீர்த்தனைக்கும் நடுவே அரை நொடி வெட்டு விழுந்தால் எந்த டிஏசியும் ஒட்டிக் கொடுக்காது. எம்கியூஏ என்ற ஒலி வடிவத்தின் முத்திரைக்காகக் கூடுதல் பணம் கொடுத்தவர்கள் கதையும் தெரிந்ததே: அந்த நிறுவனம் 2023-இல் நொடித்தது, இசைச் சேவையான டைடல் 2024-இல் அந்த வடிவத்தையே கைவிட்டது. டிஏசி பத்தாண்டு உழைக்கும். ஸ்ட்ரீமரின் செயலி அதற்குள் கிழடாகிவிடும். அதனால் மலிவானதையே வாங்கி, தேவைப்படும்போது மாற்றுவது புத்திசாலித்தனம். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் வாலுமியோ மென்பொருளைப் போட்டுக்கொள்ளத் தெரிந்தவருக்கு அதுவே போதும். தீவில் இருப்பவருக்கு இன்னும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. கேபிள் பழுதானாலும் பாட, ஸ்ட்ரீமர் வன்தட்டிலிருந்து வாசிக்க வேண்டும். ஸ்ட்ரீமரே பழுதானால் கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பும் தொல்லையில்லாமல் அதை அங்கேயே மாற்ற முடிய வேண்டும். மிச்சமாகும் பணத்தில் முதலில் ஒரு நல்ல யுபிஎஸ் வாங்கலாம். டீசல் ஜெனரேட்டர்களையே பெரிதும் நம்பியிருக்கும் தீவு மின்சாரத்தில் டிஏசிக்கு அதுதான் அவசரம்.