ராமநாதபுரத்தைக் கேட்டார்களா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓஎன்ஜிசிக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் 2025-இல் அனுமதி கொடுத்தது. செய்தி வெளியாகி எதிர்ப்பு கிளம்பிய பிறகே, அனுமதியைத் திரும்பப் பெறுமாறு ஆணையத்துக்கு அறிவுறுத்தியிருப்பதாகத் தமிழக அரசு அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால், இத்தகைய திட்டங்களை ஏற்பதில்லை என்ற மாநிலத்தின் கொள்கைக்கு எதிரான அனுமதி மாநில அளவிலான ஆணையத்திலிருந்தே எப்படி வந்தது என்பதற்கு விளக்கம் வேண்டும்.

சம்பந்தப்பட்ட ஊர்களில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கவில்லை. விதிப்படி அது தேவையும் இல்லை. 2020 ஜனவரி 16 அன்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளை ‘பி2’ பிரிவுக்கு மாற்றியது. அதிலிருந்து தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டாம், மக்களின் கருத்தும் வேண்டாம். உற்பத்திக் கட்டத்தில்தான் கேட்கப்போகிறோமே என்கிறார்கள். கோடிகளைக் கொட்டி எரிவாயு இருப்பதை உறுதிசெய்த பிறகு, ஊர் மறுத்தால் ரிக்கைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்களா? தாலி கட்டிவிட்டுப் பெண்ணிடம் சம்மதம் கேட்கிற கதைதான் இது.

இன்னொன்றும் உண்டு. 2016-இல் வந்த ‘ஹெல்ப்’ கொள்கையின்படி, மரபான எரிவாயு, ஷேல் பாறை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன் அனைத்துக்கும் ஒரே உரிமம். இன்று சாதாரணக் கிணறு என்று தொடங்குகிற இடத்தில் நாளை ஃபிராக்கிங் எனப்படும் நீரியல் விரிசல் முறைக்குப் போகத் தனி உரிமம் தேவையில்லை. ஷேல் பாறையை உடைக்க ஒரு கிணற்றுக்கே கோடிக்கணக்கான லிட்டர் தண்ணீர், மணல், ரசாயனங்கள் வேண்டும். உள்ளே போனதில் ஒரு பகுதி உப்பும் ரசாயனமுமாக மேலே திரும்பி வரும். அதை எங்கே கொட்டுவது? அதிகாரிகளைத் தண்டிக்க மாற்றல் போடும் ‘தண்ணியில்லாக் காடு’ என்று பெயரெடுத்த மாவட்டம் இது. கண்மாயையும் ஊற்றையும் நம்பிக் கிடப்பவர்களிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2020 பிப்ரவரியில் நிறைவேறிய பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம், காவிரி டெல்டாவில் ஷேல், மீத்தேன் உள்ளிட்ட புதிய திட்டங்களைத் தடுத்தது. எரிவாயுத் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் போராடிப் பெற்றது அது. ஆனால், ஏற்கெனவே நடக்கும் பணிகளை அந்தச் சட்டம் தொடவில்லை. 2017-இல் எண்ணெய்க் குழாய் கசிந்த கதிராமங்கலத்துக்கு அதனால் என்ன பயன்? ராமநாதபுரமோ அந்த மண்டலத்தின் எல்லைக்குள்ளேயே இல்லை.

நாட்டின் எரிவாயுத் தேவையில் ஏறக்குறைய பாதி இறக்குமதி என்பதை மறுக்கவில்லை. அந்தச் சுமையை யார் வயலில் இறக்குவது என்பதை டெல்லி மட்டும் தீர்மானிக்க முடியாது. அமெரிக்காவின் டெக்சாஸில் டென்டன் நகர மக்கள் 2014-இல் வாக்களித்து ஃபிராக்கிங்கைத் தடுத்தார்கள்; மறு ஆண்டே மாநில அரசு சட்டம் போட்டு அந்த உரிமையைப் பிடுங்கியது. அங்கே பிடுங்குவதற்காவது ஓர் உரிமை இருந்தது.

2020 ஜனவரி அறிவிக்கையை மத்திய அரசு திரும்பப் பெற வேண்டும். அதுவரை காத்திருக்காமல், ராமநாதபுரத்தையும் வேளாண் மண்டலத்தில் சேர்க்கும் திருத்தத்தைத் தமிழக அரசு சட்டப்பேரவையில் கொண்டுவர வேண்டும். அரசின் அறிவிப்பை அடுத்த ஆட்சி மறந்துவிடலாம். சட்டத்தை மாற்ற அது பேரவைக்கு வந்தாக வேண்டும்.