பாலிகஞ்ச் சன்னல்களும் வலிமை என்னும் சொல்லும்

கொல்கத்தாவின் பாலிகஞ்சில் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்ககங்கள் எழுகின்றன. 2015இல் எழுத்தாளர் அமித் சௌத்ரி இத்தகைய வீடுகளைக் காக்கக் குரல் எழுப்பியபோது, பச்சை வண்ணம் பூசிய பலகைச் சன்னல்களையும் இந்நகரின் அடையாளமாகச் சுட்டினார். ஆயினும் அவற்றைப் பற்றிய பேச்சு அழகு, நினைவு என்பவற்றோடு நின்றுவிடுகிறது. அவற்றில் அடங்கிய தொழில்நுட்ப அறிவை எவரும் கணக்கில் கொள்வதில்லை.

வங்காளிகள் 'கொர்கொரி' என்றழைக்கும் இச்சன்னலின் கதவு ஒரு பக்கக் கீல்களில் தொங்குகிறது. அதன் எடையே சட்டகத்தைச் சாய்சதுரமாகக் கோணச் செய்ய முயல்கிறது. இரு சட்டங்களை முட்டவைத்து ஆணி அறைந்தால் அது நெடுநாள் தாங்காது. மரத்தின் வெட்டுமுனையில் ஆணியும் பசையும் நன்றாகப் பிடிப்பதில்லை. ஆகவே குறுக்குச் சட்டத்தின் முனையை நாக்காகச் செதுக்கி, நெடுஞ்சட்டத்தின் துளையில் செருகுகிறார் தச்சர். நாக்கின் தடிமன் பொதுவாகச் சட்டத்தின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. அதைவிடப் பருத்தால் துளையின் சுவர் பலவீனமாகும். மெலிந்தால் நாக்கு முறியும். நாக்கின் அகலமும் அதன் இருபுறத் தோள்களுமே கோணலைத் தடுக்கின்றன.

இணைப்புகளைத் தரவரிசைப்படுத்துவது எளிது. ஆனால் விசை எத்திசையிலிருந்து வருகிறது என்று கேளாத தரவரிசைக்குப் பொருளில்லை. புறாவால் இணைப்பு ஒரு திசை இழுப்பையே உறுதியாகத் தடுக்கும். மேசையின் இழுப்பறைக்கு அது போதும். பாதிவெட்டு இணைப்பு குறுக்காகச் செல்லும் சட்டங்களுக்கு உதவும். ஆனால் ஒவ்வொரு சட்டத்தின் தடிமனும் அங்கே பாதியாகிறது.

இக்காலப் பசைகள் இவற்றை வென்றுவிட்டன என்பர். நார் ஓடும் வாக்கில் இரு பலகைகளை ஒட்டினால் பசைக்கோட்டுக்கு முன் மரமே பிளக்கும் என்பது உண்மை. ஆனால் மழைக்கால ஈரத்தில் மரம் நாருக்குக் குறுக்கே விரியும், கோடையில் சுருங்கும். ஒட்டிய இணைப்பு பழுதானால் உடைத்தே பிரிக்க வேண்டும். மர முளை அறைந்த நாக்கையோ முளையைத் தட்டி எடுத்துக் கழற்றலாம். அழுகிய சட்டத்தை மட்டும் மாற்றலாம். பழுதுபார்க்க இடங்கொடுப்பதும் வலிமையின் ஒரு கூறே.

காரைக்குடியின் பழம்பொருட் கடைகளில் விலைக்கு நிற்கும் செட்டிநாட்டுக் கதவுகளுக்கும் இது பொருந்தும். மரம் விற்பனையாகிறது, அதை இணைத்த அறிவு பதிவின்றிப் போகிறது. கட்டடக்கலை, பொறியியல் துறைகள் முகப்பை ஒளிப்படம் எடுப்பதோடு அமையாது, இடிபடும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதவையேனும் கழற்றி அளந்து வரைந்து வைக்க வேண்டும். அதற்குப் பெருநிதி வேண்டாம். மாணவர்களும் ஒரு தச்சரும் போதும். அத்தச்சரின் பெயரும் ஆய்வேட்டில் இடம்பெற வேண்டும்.