பழைய கிதாருக்குப் புதுச் சாயம் எதற்கு?

திரைப்படப் பாடல் கேட்பவர்களில் பெரும்பாலோர் பேஸ் கிதாரைத் தனியாகக் கவனிப்பதில்லை. அது நின்றுபோனால்தான் பாட்டில் ஏதோ குறைகிறது என்று தெரியும். 1976-ல் ‘அன்னக்கிளி’யோடு இளையராஜா வந்த பிறகு, அடிக்குரலில் தனி வழி போட்டுக்கொண்டு நடக்கும் இந்த நான்கு தந்தி வாத்தியத்துக்குத் தமிழர் காதுகளிலும் ஓர் இடம் கிடைத்தது. மும்பையிலும் பெங்களூரிலும் பகலில் ஆபீஸ், சனி ஞாயிறில் கல்யாண மேடை என்று காலம் தள்ளும் மெல்லிசைக் குழுக்காரர் ஒருவரிடம், பழைய அமெரிக்க பேஸ் கிதார் ஒன்று எப்படியோ வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டுக் கருவி குதிரைக் கொம்பாக இருந்த நாளில் யாரோ வாங்கியது, வர்ணம் உதிர்ந்திருக்கிறது, குமிழைத் திருகினால் கரகரக்கிறது. பழுது பார்ப்பவர் கேட்கும் முதல் கேள்வி, “சுரண்டிவிட்டுப் புது பெயிண்ட் அடித்துத் தரட்டுமா?” என்பதுதான். ‘வேண்டாம்’ என்று சொல்ல அவருக்குத் தைரியம் வேண்டும்.

இந்தக் கருவி பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் அந்தத் தைரியம் தானாக வரும். கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. ஆனால், ஆள் உயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்த வாத்தியக்காரர்களின் கஷ்டம் தெரியும். 1951-ல் அவர் கொண்டு வந்த ‘பிரிஸிஷன் பேஸ்’ தோளில் மாட்டிக்கொள்ளக்கூடியது. மெட்டுகள் பதித்திருந்ததால் சுருதி பிசகாதது. பெயருக்குக் காரணமும் அதுவே. ரேடியோக்காரர் புத்தி அதன் அமைப்பிலும் தெரிகிறது. கழுத்தைப் பசை போட்டு ஒட்டவில்லை. நான்கு திருகாணிகளால் முடுக்கியிருக்கிறார். குமிழ்களும் ஒயரும் ஒரு தகட்டடியில் இருக்கின்றன. பிரித்துப் பார்த்து, கெட்டதை மட்டும் மாற்றி, மறுபடி மூடுவதற்கென்றே செய்த பொருள் இது.

ஆகவே ரிப்பேர் செய்வதில் பாவம் ஒன்றுமில்லை. வாசிக்க முடியாத வாத்தியத்தைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்து, ‘கையே படவில்லை’ என்று பெருமை பேசுகிற சேகரிப்பாளர்களின் பக்தி நமக்கு வேண்டியதில்லை. நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தை 150 பவுண்டுக்கு மேல் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஐம்பது, அறுபது வருஷத்தில் கழுத்து சற்று வளையாமல் என்ன செய்யும்? உள்ளே ஓடும் எஃகுக் கம்பி அதை நிமிர்த்துவதற்காகவே இருக்கிறது. பழைய ஃபெண்டர்களில் அதன் திருகு, கழுத்து உடலோடு சேரும் முனையில் இருப்பதால், கழுத்தைக் கழற்றித்தான் திருப்ப வேண்டும். கால் சுற்றுத் திருப்பி, தந்தியை ஏற்றி, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு முழுச் சுற்றுத் திருப்பினால் முறிந்தாலும் முறியும். தேய்ந்த மெட்டுகளை மாற்றுவது சைக்கிளுக்கு டயர் மாற்றுவது போல. யாரும் குறை சொல்ல முடியாது.

ஓசை வராவிட்டால் உடனே புது பிக்-அப் வாங்க ஓடுவதும் தேவையில்லை. காந்தங்களைச் சுற்றி, தலைமுடி போன்ற எனாமல் செப்புக் கம்பி ஏறக்குறைய 10,000 சுற்று சுற்றியிருக்கும். மும்பை போன்ற கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் அது எங்காவது பூத்து அறுந்திருக்கலாம். மோட்டார் காயில் கட்டும் வேலையில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல, நுணுக்கம்தான் அதிகம். அதே பழைய சட்டத்தில், அதே கனக் கம்பியை மறுபடி சுற்ற முடியும். கரகரக்கும் குமிழுக்குப் பெரும்பாலும் கொஞ்சம் கிளீனர் போதும். அந்த வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் குத்தியிருக்கும் எண்ணையும் பார்த்துவிட வேண்டும். 1376512 என்றிருந்தால், 137 அதைச் செய்த கம்பெனியின் குறி, 65 வருஷம், 12 வாரம். அதாவது 1965-ம் ஆண்டின் பன்னிரண்டாவது வாரம். கருவியின் ஜாதகமே அதில் இருக்கிறது. அதைத்தான் மெக்கானிக் பிடுங்கிக் குப்பைக் கூடையில் போடுகிறார்.

வர்ணத்துக்கு வருவோம். பழைய வர்ணத்தைச் சுரண்டிப் புதிது அடித்தால் கருவியின் விலை பாதியாகும் என்பது இந்த வியாபாரத்தில் உள்ளவர்களின் பொதுக் கணக்கு. மாதச் சம்பளக்காரருக்கு இது சிறிய நஷ்டமல்ல. 1970-களில் அமெரிக்காவிலேயே இந்த மோகம் இருந்தது. வர்ணத்தை உரித்து மரத்தைக் காட்டினார்கள். உடலைக் குடைந்து இரண்டாவது பிக்-அப் வைத்தார்கள். இன்று அந்தக் குழிகளை அடைக்க வழி தெரியாமல் தவிக்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், 1990-களின் நடுவிலிருந்து அதே ஃபெண்டர் கம்பெனி, புதுக் கிதாரை வேண்டுமென்றே கீறி, தேய்த்து, பழசு போலாக்கிக் கூடுதல் விலைக்கு விற்கிறது! இயற்கையாகத் தேய்ந்ததை வைத்திருப்பவர் ஏன் வெட்கப்பட வேண்டும்?

‘என் கைக்கு, என் பாட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள எனக்கு உரிமை இல்லையா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஜாக்கோ பாஸ்டோரியஸ் செய்யாததா? 1962-ம் வருஷத்து ‘ஜாஸ் பேஸ்’ ஒன்றின் விரல் பலகையில் மெட்டுகள் இல்லாமல், பள்ளங்களை மரப்பூச்சால் அடைத்து, மேலே படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசி, வயலின் போல வழவழப்பாக்கி வாசித்தார் அவர். முரட்டு எஃகுத் தந்தி மரத்தை அறுக்காமலிருக்கவே அந்தப் பூச்சு. அதிலிருந்து வந்த குழைவான ஓசை உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஆனால் அன்று அது அரிய பொருளல்ல, சில வருஷம் பழைய செகண்ட் ஹாண்ட் சரக்கு. மேலும், எந்த ஓசைக்காக அதைச் செய்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மினுமினுப்புக்காகச் செய்ததல்ல. மெட்டில்லாத பேஸ் வேண்டுமென்றால், இன்று அதே கழுத்துக்கு அளவான வேறு கழுத்து கிடைக்கிறது. நான்கு திருகாணியைக் கழற்றி மாட்டிக்கொண்டு, பழையதைத் துணியில் சுற்றி வைத்துவிடலாம். பிருடை, குதிரை, பிக்-அப் எல்லாவற்றுக்கும் இதே வழி செல்லும், புதிதாகத் துளை போடாத வரையில்.

பழைய விரல் பலகையை இழைத்துத் தள்ளத் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1960-களின் நடுவில் பிரேசில் ஈட்டி மரத்தை விட்டு இந்திய ஈட்டிக்கு மாறியது ஃபெண்டர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்கிற அதே மரம்! பிரேசில் ஈட்டியின் சர்வதேச வியாபாரம் 1992-லிருந்தே பெரும்பாலும் தடைப்பட்டது. நம்முடையதும் 2017-லிருந்து கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது.

கழற்றிய ஒவ்வொரு சாமானையும், ஒரு திருகாணி விடாமல், டப்பாவில் போட்டு வாங்கிவரச் சொல்ல வேண்டும். வேலைக்குக் கொடுக்கும் முன் கருவியை நாலு பக்கமும் படம் எடுத்து, தகட்டிலுள்ள எண்ணைக் குறித்துக்கொள்வதும் நல்லது. கழுத்தைக் கழற்றும்போது அதன் அடிமுனையில் பென்சிலாலோ ரப்பர் முத்திரையாலோ போட்ட தேதி ஒன்று தென்படலாம். அந்த இடத்தில் மட்டும் உப்புத்தாள் படக்கூடாது என்று கூடவே நின்று சொல்லிவிட வேண்டும்.