பெயர் மட்டும் போதுமா?

"யானைக்கும் அடி சறுக்கும்" என்று நம் பாட்டிமார் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். யானை சறுக்கியதைக் கண்டவர் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பழமொழி சொல்லவில்லை. "பெரிய யானை, பேசாதிருப்போம்" என்று கண்ணை மூடிக்கொள்வதா? சறுக்கியது சறுக்கியதுதான் என்று எடுத்துச் சொல்வதா? இதைப் பற்றி எங்கள் கருத்தைக் கூறவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு போர் வீடியோ கேமைத் தேர்ந்துகொண்டோம். "பெண்கள் பள்ளி ஆண்டு மலரில் துப்பாக்கி விளையாட்டா?" என்று தோழியர் சிலர் புருவத்தை உயர்த்தலாம். அண்ணன் தம்பியுடன் பிறந்தவர்களுக்கு இவ்விளையாட்டுகள் புதியவை அல்ல. அவற்றின் சத்தத்திற்கு நடுவேதான் நம்மில் பலர் வீட்டுப் பாடம் எழுதுகிறோம்! ஆயினும் ஒன்றை முன்னதாகவே சொல்லிவிடுகிறோம். நாங்கள் சொல்லப் போகும் ஆட்டம் அமெரிக்காவில் பதினேழு வயது நிரம்பியோருக்கென முத்திரையிடப்பட்டது. பதினைந்து வயதினராகிய நாங்கள் அதை ஆடியவர்கள் அல்லர். அது வெளிவந்தபோது நாங்கள் பள்ளிக்கே வராத வயதினர். ஆகவே ஆட்டத்தின்மேல் தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. அதற்கு விமரிசகர்கள் அளித்த தீர்ப்பு நியாயந்தானா என்பதையே ஆராய வந்தோம்.

அத்தொடரின் பெயர் 'மெடல் ஆஃப் ஆனர்'. அமெரிக்கப் படைவீரர்க்கு அந்நாடு வழங்கும் மிக உயர்ந்த பதக்கத்தின் பெயர் அது. நம் நாட்டின் பரம் வீர் சக்ரம் போன்றது எனக் கொள்ளலாம். 1998-இல் 'சேவிங் பிரைவேட் ரயன்' என்னும் போர்த் திரைப்படத்தை இயக்கிய ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் எண்ணத்தில் இத்தொடர் பிறந்தது. இரண்டாம் உலகப் போரின் கதையை இளையோரிடம் விளையாட்டு மூலமாகவும் கொண்டு செல்லலாமே என்று அவர் நினைத்தார். ட்ரீம்வொர்க்ஸ் இன்டராக்டிவ் நிறுவனத்தார் அதை உருவாக்க, 1999-இல் பிளேஸ்டேஷன் கருவிக்கான முதல் ஆட்டம் வெளியாயிற்று.

அது உருவாகிக்கொண்டிருந்த நாளிலேயே ஓர் எதிர்ப்பு எழுந்தது. அப்பதக்கம் பெற்றோர் சங்கத்தின் தலைவராக இருந்தவர் பால் புச்சா. வியட்நாம் போரில் தாமே அப்பதக்கத்தைப் பெற்றவர். உயிரைப் பணயம் வைத்துப் பெற்ற பதக்கத்தின் பெயரை ஒரு விளையாட்டுப் பொருளுக்குச் சூட்டுவது தகாது என்பது அவர் வாதம். ஆக்கியோர் அவரிடம் தம் வேலையைக் காட்டி, தம் நோக்கத்தை விளக்கினர். அதன் பின்னரே அவர் மனம் மாறி ஆதரவளித்தார். பதக்கத்தின் பெயரைச் சூடிக்கொள்ளும் உரிமை உழைப்பினால் பெற வேண்டிய ஒன்று என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது அன்றோ?

தொடர் வளர்ந்தது. 2002-இல் வந்த 'அல்லைடு அசால்ட்' என்னும் ஆட்டத்தில், 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் பிரான்சின் ஒமாஹா கடற்கரையில் இறங்கிய காட்சியை இன்றளவும் புகழ்ந்து பேசுகிறார்கள். அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் சிலரே பிரிந்து சென்று, 2003-இல் 'கால் ஆஃப் டியூட்டி' என்னும் போட்டித் தொடரைத் தொடங்கினர். பிள்ளை தந்தையை மிஞ்சிய கதையாக, அப்புதிய தொடர் மூத்த தொடரைப் பின்னுக்குத் தள்ளிற்று. 2010-இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் பழைய பெயரிலேயே, ஆப்கானிஸ்தான் போரைக் களமாகக் கொண்டு புதிய ஆட்டம் ஒன்றை வெளியிட்டது. பலர் சேர்ந்து ஆடும் பகுதியில் ஒரு தரப்புக்குத் 'தாலிபான்' என்று பெயரிட்டதால் கண்டனம் எழவே, வெளியீட்டுக்கு முன்பே அப்பெயர் நீக்கப்பட்டது. விமரிசகர் மதிப்பெண்கள் நூற்றுக்கு எழுபதுகளில் நின்றன. முதல் வகுப்பு என்று சொல்லலாம். முதலிடம் என்று சொல்ல இயலாது.

அதன் தொடர்ச்சியாக 2012 அக்டோபரில் வந்ததுதான் 'மெடல் ஆஃப் ஆனர்: வார்ஃபைட்டர்'. உருவாக்கியது டேஞ்சர் க்ளோஸ் குழு. முழக்கத்திற்குக் குறைவில்லை. உண்மையான அதிரடிப் படை வீரர்களே கதை எழுத உதவினார்கள் என்றும், உண்மை நிகழ்ச்சிகளின் அடிப்படையில் அமைந்தது என்றும் விளம்பரம் செய்தனர். கராச்சி, சோமாலியா, பிலிப்பைன்ஸ், துபாய் என்று களங்கள் விரிந்தன. முன்பதிவு செய்தவர்களுக்கு ஒரு பரிசும் அறிவிக்கப்பட்டது. அது என்ன தெரியுமா? அதே நிறுவனத்தின் வேறொரு தொடரான 'பேட்டில்ஃபீல்டு 4' ஆட்டத்தின் முன்னோட்டத்தை ஆடிப் பார்க்கும் வாய்ப்பு! தன் கல்யாண விருந்துக்கு வருமாறு அழைப்பவர், "வந்தால் பக்கத்து வீட்டு விருந்துக்கும் சீட்டுத் தருகிறேன்" என்றால் நாம் என்ன நினைப்போம்?

விமரிசனங்கள் வெளியாயின. சராசரி மதிப்பெண் நூற்றுக்கு ஐம்பதுகளில் விழுந்தது. நம் தேர்வில் முப்பத்தைந்து பெற்றாலே தேர்ச்சி. ஆகவே ஐம்பது என்றால் பரவாயில்லையே என்று நமக்குத் தோன்றலாம். வீடியோ கேம் விமரிசன உலகிலோ எழுபதுக்குக் கீழே இறங்கினாலே முகம் சுளிப்பார்கள். பெரிய நிறுவனத்தின் பெரிய தொடருக்கு ஐம்பது என்பது தோல்விக்குச் சமம்.

அவர்கள் கூறிய குறைகள் யாவை? கதை எங்கே தொடங்கி எங்கே போகிறதென்று விளங்கவில்லை. நாயகன் 'பிரீச்சர்' தன் மனைவி மகளை நினைத்து வருந்துகிறான். ஆனால் அவ்வருத்தம் நம்மைத் தொடும் முன்பே அடுத்த துப்பாக்கிச் சண்டை வந்துவிடுகிறது. ஆட்டம் சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. பிழைகள் மலிந்திருந்தன, வெளியான நாளிலேயே திருத்தம் ஒன்றை இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. எல்லாவற்றிலும் அதிகமாகக் கேலிக்குள்ளானது கதவு உடைக்கும் காட்சி. பூட்டிய கதவு ஒன்று வரும். எப்படி உடைப்பது என்று ஒரு பட்டியல் தோன்றும். உள்ளே இருப்போரைத் தலையில் குறி தவறாமல் சுட்டால் பட்டியலில் புதிய முறை ஒன்று சேரும்! இது ஒரு முறை அல்ல, மீண்டும் மீண்டும் வருகிறது. அதே வேளையில் நல்லதை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஒலியமைப்பைப் பாராட்டினர். காரோட்டும் காட்சிகளைச் சிலர் விரும்பினர். பலர் சேர்ந்து ஆடும் பகுதியில் இருவர் இருவராக இணைந்து ஒருவரையொருவர் காக்கும் முறை நன்று என்றும் எழுதினர்.

விளைவு விரைவாகவே வந்தது. 2013 ஜனவரியில் நிறுவனம் இத்தொடரை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. அதே ஆண்டில் டேஞ்சர் க்ளோஸ் குழுவும் மூடப்பட்டது.

இதைப் பற்றி இடைவேளையில் பேசியபோது எங்கள் வகுப்பில் இரு கட்சிகள் தோன்றிவிட்டன. "நாட்டுக்காக உயிரைக் கொடுக்கும் வீரர்களைப் போற்றத்தானே அவர்கள் முயன்றார்கள்? அம்முயற்சியைக் கேலி செய்யலாமா? எத்தனை பேர் இரவும் பகலும் உழைத்திருப்பார்கள்! நாலு வரி எழுதி அவர்கள் பிழைப்பைக் கெடுப்பது தருமமா?" என்றது ஒரு கட்சி. இது எளிதில் ஒதுக்கக்கூடிய வாதம் அன்று. மனமுவந்து கோலம் போட்டவளிடம் "கோணல்" என்று சொன்னால் அவள் முகம் வாடுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

ஆயினும் நன்கு எண்ணிப் பார்த்தபின், விமரிசகர்கள் செய்தது சரியே என்ற முடிவுக்கு நாங்கள் வந்தோம். காரணங்களைக் கூறுகிறோம்.

முதலாவது, விமரிசகனின் கடமை விலை கொடுத்து வாங்குபவரிடத்தில்தான். பெயரை நம்பிப் பணம் கட்டியவர்கள் முன்பதிவுக்காரர்கள். மற்றவர்களாவது விவரம் அறிந்து வாங்கட்டும் என்று சொல்வது பகைமை ஆகாது. ஒரு குழுவை மூடுவதும் தொடரை நிறுத்துவதும் முதலாளிகளின் முடிவு. அதை மதிப்பெண் போட்டவர் தலையில் சுமத்துவது, தோல்விக்குத் திருத்திய ஆசிரியையைக் குறை சொல்வது போன்றது.

இரண்டாவது, உண்மையான வீரர்கள் உதவினார்கள் என்பதால் ஒரு படைப்பு உண்மையாகிவிடுமா? 2012 நவம்பரில் வந்த ஒரு செய்தியைப் பாருங்கள். அமெரிக்கக் கடற்படையின் 'சீல்' பிரிவைச் சேர்ந்த ஏழு வீரர்கள், இந்த ஆட்டத்திற்கு அனுமதியின்றி ஆலோசனை கூறி இரகசியச் செய்திகளை வெளிப்படுத்தியதாகத் தண்டிக்கப்பட்டனர். இரண்டு மாதங்களுக்குப் பாதிச் சம்பளம் பிடிக்கப்பட்டது. கண்டனக் கடிதமும் கொடுக்கப்பட்டது. ஆட்டம் போற்ற வந்த வீரர்களுக்கே ஆட்டத்தால் தலைகுனிவு! அவர்கள் தந்த உண்மைகளைக் கொண்டு கட்டியதோ கதவு உடைக்கும் வேடிக்கை. துப்பாக்கியின் பெயர் சரியாக இருப்பது மட்டும் உண்மை ஆகாது. சுடுபவன் என்ன நினைத்தான், சுடப்பட்டவன் யாருடைய பிள்ளை என்பதும் உண்மையின் பகுதியே. கராச்சி ஒரு களம் மட்டும் அன்று; அது மக்கள் வாழும் ஊர். 2013-இல் பாகிஸ்தானின் குறுந்தகடு வியாபாரிகள் சங்கத்தார், தம் நாட்டைத் தவறாகக் காட்டுகிறது என்று இந்த ஆட்டத்தை விற்க மறுத்ததில் வியப்பில்லை.

மூன்றாவது காரணமே எங்களுக்கு முக்கியமானது. வீரர்களின் பெயரால் வந்த படைப்பு என்பதற்காகவே குறையை மன்னித்திருந்தால், அது வீரர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகுமா? பெரிய பெயரைத் தாங்கி வருவதைப் பெரிய அளவுகோலால் அளப்பதுதான் மரியாதை. புச்சா அன்று கேட்ட கேள்வியையே விமரிசகர்கள் வேறு சொற்களில் மீண்டும் கேட்டார்கள்: இந்தப் பெயருக்கு நீங்கள் தகுதியானவர்கள்தாமா? தவறு கண்டால் கடிந்து சொல்லும் பெரியோரைத் துணையாகக் கொள்ள வேண்டும் என்பதற்காகத்தானே வள்ளுவப் பெருந்தகை ஓர் அதிகாரமே வகுத்துத் தந்தார்!

இக்கதைக்கு எதிர்பாராத ஒரு பின்னிணைப்பு உண்டு. 2020 டிசம்பரில் இத்தொடர் 'அபவ் அண்ட் பியாண்ட்' என்ற பெயரில் மீண்டும் வந்தது. உருவாக்கியது ரெஸ்பான் நிறுவனம். ஆட்டத்திற்குக் கிடைத்த வரவேற்பு சுமாரே. ஆனால் அதனுடன், இரண்டாம் உலகப் போரைக் கண்டவர்களின் நினைவுகளைப் பதிவு செய்த குறும்படங்களும் இணைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று 'கோலெட்'. இயக்கியவர் அந்தோணி ஜியாக்கினோ. முதல் ஆட்டத்திற்கு இசையமைத்த மைக்கேல் ஜியாக்கினோவின் உடன்பிறந்தவர்.

நாஜிகளை எதிர்த்த பிரெஞ்சு இயக்கத்தில் சிறுமியாக இருந்தபோதே பணியாற்றியவர் கோலெட் மாரென் கேத்தரின். அவருடைய அண்ணன் ஜான் பியேர் கைதாகி, ஜெர்மனியிலுள்ள மித்தல்பாவ் டோரா வதைமுகாமில் மடிந்தான். அதுவரை ஜெர்மானிய மண்ணை மிதிக்க மறுத்த அம்மூதாட்டி, தம் தொண்ணூறாம் வயதில், வரலாறு படிக்கும் லூசி என்ற இளம்பெண்ணுடன் அங்கே செல்கிறார். அதுவே படம். துப்பாக்கி இல்லை, உடைக்கக் கதவும் இல்லை. 2021 ஏப்ரலில் அப்படம் சிறந்த குறும் ஆவணப் படத்திற்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது.

தோழியரே, எண்ணிப் பாருங்கள்! பெரும் முழக்கத்தோடு வந்த ஆட்டத்தால் செய்ய முடியாததை, ஒரு மூதாட்டியின் கண்ணீரும் அருகில் நின்ற இளம்பெண்ணின் மௌனமும் செய்துவிட்டன. போரைப் பற்றி உண்மை சொல்ல வேண்டுமானால், போரில் இழந்தவரை உட்கார வைத்துக் கேட்க வேண்டும். அப்பொறுமைதான் 'வார்ஃபைட்டர்' ஆட்டத்தில் இல்லாதது. அதற்குத்தான் அந்த ஐம்பது மதிப்பெண்.

நாமும் பெயர்களைத் தாங்கி நிற்பவர்களே. "அக்காள் படித்த பள்ளி", "இன்னார் மகள்" என்று நம்மையும் சொல்கிறார்கள். முன்னோர் சேர்த்து வைத்த நற்பெயர் நமக்கு வந்த சொத்து அன்று. நாம் தீர்க்க வேண்டிய கடன். அடுத்த முறை நம் விடைத்தாளில் சிவப்பு மையைக் கண்டு கண் கலங்கும்போது, இதை நினைவில் கொள்வோம். சிவப்பு மை நம்மை வெறுப்பவர் எழுதியது அன்று. நம்மால் இன்னும் நன்றாகச் செய்ய முடியும் என்று நம்புபவர் எழுதியது.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு