எளிமை மட்டும் போதுமா?

ஒரு கருவியின் தரத்தை அதைச் செய்தவரைவிடக் கையாள்பவரே நன்கு அறிவார். மென்பொருள் துறையில் இதனை அறியும் முறைக்குப் பயன்பாட்டுச் சோதனை என்று பெயர். ஒருவரை அமரச் செய்து, ஒரு வேலையைக் கொடுத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்வர். எங்கே தடுமாறுகிறார் எனக் குறித்துக்கொள்வர். ஐவரைச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் புலப்படும் என ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதினார். தனியொருவர் கையாளும் மென்பொருளுக்கு இது பொருந்தலாம். பலர் கூடிப் பழகும் சமூக மென்பொருளுக்குப் போதாது என்பதே நம் கருத்து.

வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைப் பிறருக்கு அனுப்பும் வசதியை எண்ணிப் பார்ப்போம். எழுத்தறியாதோரும் அதனை எளிதில் கையாள்வர். தனியறைச் சோதனையில் அதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால், 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவர், குழந்தை கடத்த வந்தவர் என்னும் ஐயத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். அத்தகைய வதந்திகள் வாட்ஸ்அப் வழியே பரவியிருந்த காலம் அது. பொத்தானில் பழுதில்லை, அதன் எளிமையே வதந்திக்கு வழி திறந்தது. அவ்வாண்டு ஜூலையில்தான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரம்பு அறிவிக்கப்பட்டது. 2019 ஜனவரியில் அது உலகெங்கும் விரிந்தது. வரம்புகளால் இவ்வாறு அனுப்புவது 25 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனம் 2020இல் தெரிவித்தது. உயிர்கள் போன பின்னரே உண்மையான சோதனை நடந்தது எனலாம்.

நம் சேர்வராயன் மலையை நோக்குவோம். காப்பித் தோட்டங்களும் மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்களும் நிறைந்த ஏற்காட்டிற்குக் கோடை விழாக் காலத்தில் வெளியூரார் திரண்டு வருகின்றனர். அயலாரைப் பற்றிய பொய்ச்செய்தி ஒன்று அந்நாளில் பரவினால் என்னாகும்? நகரத்து அறையில் ஐவரைத் தனித்தனியே அமர்த்தி இதனை அறிய இயலாது.

ஆகவே, சமூக மென்பொருளைச் சமூகத்தினுள்ளேயே சோதித்தல் வேண்டும். தோட்டத் தொழிலாளர், கடைக்காரர், ஆசிரியர், மாணவர் என ஒருவரையொருவர் அறிந்தோரைக் குழுவாக்கி, அவர்தம் இசைவுடன் சில வாரங்கள் கவனிக்கலாம். அவர்கள் நாட்குறிப்பு எழுதலாம். எழுத இயலாதோர் குரலில் பதியலாம். ஒரே கைபேசியைப் பலர் பயன்படுத்தும் வீட்டையும், சிக்னல் கிடைக்காத மலைச்சரிவையும் விட்டுவிடலாகாது. ‘அனுப்ப முடிந்ததா?’ என்பதோடு, ‘முதலில் சொன்னவர் யார் என அறிய முடிந்ததா? பொய்யெனத் தெரிந்தபின் மறுப்பும் அத்தனை பேரையும் சென்றடைந்ததா?’ என்றும் கேட்க வேண்டும்.

இதற்குக் காலமும் பொருளும் மிகுதியாகும் என்பர். உண்மையே. ஆயினும், செய்யாமல் விட்ட சோதனைக்கும் விலையுண்டு. அவ்விலையை மென்பொருள் செய்தவர் கொடுப்பதில்லை. சொல் எவ்வாறு பரவுகிறது என்பதை ஆராய்வது தமிழ் பயில்வோர்க்கும் உரிய பணியே. கணினித்துறை மாணவரோடு நம் மாணவரும் மலையேறிச் செல்லட்டும்!