வேலியை உயர்த்தும் லினக்ஸ்

லினக்ஸ் உலகில் ஓசையின்றி ஒரு வேலி உயர்ந்துகொண்டிருக்கிறது. 2022 மே மாதம் வெளிவந்த ரெட் ஹற் என்ரர்பிரைஸ் லினக்ஸ் 9, 'எக்ஸ்86-64-வி2' என்ற தரத்துக்குக் கீழ்ப்பட்ட புரோசெசர்களைக் கைவிட்டது. 2025 மே மாதம் வந்த 10ஆம் பதிப்பு 'வி3' தரத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மற்றைய லினக்ஸ் வெளியீட்டாளர்களும் இவ்வழியே செல்ல வேண்டுமா என்பதே கேள்வி. வேண்டாம் என்பது என் கருத்து.

ஒவ்வொரு புரோசெசரும் தனக்குத் தெரிந்த கட்டளைகளையே நிறைவேற்றும். 2003இல் ஏ.எம்.டி. நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த 64 பிற் புரோசெசரின் கட்டளைகளே நெடுங்காலம் அடிப்படையாக இருந்தன. காலப்போக்கில் சேர்ந்த புதிய கட்டளைகளை ஏ.எம்.டி., இன்ரெல், ரெட் ஹற், சூசே ஆகிய நிறுவனங்கள் 2020இல் கூடிப் பேசித் தரங்களாக வகுத்தன. வி3 தரம், இன்ரெல் 2013இல் வெளியிட்ட ஹஸ்வெல் புரோசெசர்களை ஒட்டியது. ஏவிஎக்ஸ்2 அதன் முக்கிய அங்கம். இத்தரத்துக்கென ஆக்கப்பட்ட இயங்குதளம், அக்கட்டளைகள் இல்லாத கணினியில் மெதுவாக ஓடும் என்று எண்ணிவிடாதீர்கள். அது ஓடவே மாட்டாது.

பன்னிரண்டு வருடப் பழைய இயந்திரத்துக்காக எவர் கவலைப்படுவார் என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால் இங்கே பிரச்சினை வயது மட்டுமன்று, விலையுந்தான். 2021இல் இன்ரெல் வெளியிட்ட மலிவு விலை செலரோன், பென்ரியம் புரோசெசர்கள் சிலவற்றிலும் ஏவிஎக்ஸ்2 கிடையாது. ஆக, 2013இல் அதிக பணம் கொடுத்து வாங்கியவர் வேலிக்கு உள்ளே நிற்கிறார். 2021இல் வசதிக்கேற்ப வாங்கியவர் வெளியே நிற்கிறார்.

ரெட் ஹற் தரப்பிலும் நியாயம் உண்டு. அதன் வாடிக்கையாளர்கள் பெரும் சேர்வர்களை இயக்கும் நிறுவனங்கள். கணக்கீடு மிகுந்த வேலைகளில் புதிய கட்டளைகள் வேகம் தரும். 9ஆம் பதிப்புக்கு 2032 வரை ஆதரவும் உண்டு.

எனினும் வேகத்துக்காக எவரையும் வெளியேற்ற வேண்டியதில்லை. 2021இல் வந்த ஜிலிப்சி 2.33, புரோசெசரின் தரத்தைக் கண்டறிந்து அதற்கேற்ற நிரல் நூலகத்தைத் தானே தெரிவுசெய்யும். ரெட் ஹற்றின் வழியொற்றி வரும் அல்மாலினக்ஸ், தனது 10ஆம் பதிப்பை வி2 கணினிகளுக்கும் தனியாக ஆக்கி வழங்குகிறது. உபுண்டு 25.10, வி3 தரத்தை விரும்பியோர் தெரிவுசெய்யும் மேலதிக வசதியாகவே வைத்திருக்கிறது. ஏவிஎக்ஸ்2ஐக் கட்டாயமாக்கும் யோசனையை பெடோராவின் பொறியியற் குழு 2019இலேயே நிராகரித்தது.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்காத கணினிகளை வைத்திருப்போருக்கு 'லினக்ஸுக்கு வாருங்கள்' என்றுதான் நாம் சொல்லி வருகிறோம். அழைத்தபின் வாசலில் நிறுத்திவைப்பது முறையன்று. புதிய புரோசெசருக்கு வேகத்தைக் கொடுங்கள். பழையதற்கும் மலிவானதற்கும் இடத்தை விடுங்கள். இரண்டையும் செய்யும் வழி கையில் இருக்கும்போது ஒன்றை மறுப்பதற்குக் காரணம் இல்லை.